செஞ்சிக்குக் கொண்டுபோன பஷ்மினா

காலை 6.40-க்குக் கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலை வண்டி கிளம்பியது. செஞ்சிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நூற்றுப் பதினைந்து ரூபாய். தோள்பையை மேலே போட்டுவிட்டு ஒரு துணிப்பையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன். மேல்மருவத்தூர் தாண்டியதும் கண்டக்டர் என்னருகே நின்றார்.

"இன்னா சார், கொழந்த மாதிரி புடிச்சினு இருக்கீங்க?"

"சால்வைங்க. காஷ்மீர்ல வாங்கினது."

"சால்வையா? செஞ்சிக்கா?" என்று சிரித்தபடி முன்னால் போய்விட்டார்.

தை மாதத்திலும் எட்டு மணிக்கே வெயில் உறைக்கும் ஊருக்குப் போகிறவனிடம் அவர் சிரித்தது நியாயம்தான். சால்வை ஜெயமாலாவுக்கு. பதினோரு வருடம் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. இப்போது ஓய்வு பெற்றுக் கணவரோடு சொந்த ஊரில் இருக்கிறாள். தமிழ்ச் சமணக் குடும்பம். ஜார்க்கண்டில் இருக்கும் சமணப் புனித மலையான சம்மேத சிகரத்துக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. விடியுமுன்பே, செருப்பில்லாமல் ஏற வேண்டிய மலை. இரண்டு வருடத்துக்கு முன் போனபோது குளிரில் வீசிங் வந்து, போர்த்தியிருந்த கம்பளியின் கனமும் சேர்ந்துகொள்ள, பாதியிலேயே திரும்பிவிட்டாள். நாளை மறுபடியும் ரயில் ஏறுகிறாள். பழைய நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, கனமில்லாத நல்ல சால்வை ஒன்று வாங்கித் தருவதென்று முடிவு செய்தோம். ஸ்ரீநகருக்குச் சுற்றுலா போயிருந்த நான் பதினெட்டாயிரத்துக்கு வாங்கினேன். ஓரத்தில் பூ வேலை இல்லாதது பதினோராயிரம்தான். பூவில்லாமல் என்ன பரிசு என்று எனக்குத் தோன்றிவிட்டது.

9.35-க்குச் செஞ்சி. ராஜகிரிக் கோட்டையின் உச்சி வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. கூட்டு ரோட்டில் பதினைந்து ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு, எண்பது ரூபாய் ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே ஜெயமாலா.

"வாங்கண்ணா. சாப்டீங்களா?"

அவளுடைய கணவர் தரணேந்திரன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி; அதிகம் பேசமாட்டார். இருவர் முன்னாலும் சால்வையை விரித்து, ஸ்ரீநகரில் கற்றுவந்ததை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். மோதிரத்துக்குள் நுழைந்தால் அசல் என்பதை நம்பக் கூடாது, மெல்லிய நைலான்கூட நுழையும். அசல் பஷ்மினாக் கம்பளி பளபளக்காது. வெளிச்சத்தில் பிடித்தால் நெசவு கொஞ்சம் கோணலாகத் தெரிய வேண்டும், இயந்திரம் நெய்தால்தான் ஒரே சீர். இரண்டு நிமிடம் உள்ளங்கையில் வைத்தால் கை சுடும். கடைசிச் சோதனை நெருப்பு. குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினேன். முடி எரிந்த வாசம் வந்தது, சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தது. பாலியெஸ்டர் என்றால் உருகி மணியாகியிருக்கும், ரேயான் என்றால் காகித வாசம்.

"அசல்!" என்றேன், நானே நெய்ததைப்போல.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுக்கு யாராச்சும் புடவ எடுத்துக் குடுத்தா, நாங்களும் ஒரு நூல இப்டிதான் கொளுத்திப் பார்ப்போம். உருகிச்சின்னா கட்டிக்குவோம். முடி வாசம் வந்துச்சின்னா அது பட்டு, எடுத்து வச்சிருவோம். புழுவக் கொதிக்கிற தண்ணில போட்டு எடுக்கறது இல்லியா?"

"இது ஆட்டு மயிர்ம்மா. சீப்பால வாரி எடுப்பாங்க. ஆடு உயிரோடதான் இருக்கும்."

"கம்பளின்னா போத்திக்குவேன். பட்டு கலந்திருந்தாலும் இதே வாசந்தானே வரும்? மலைக்குப் போறேன்ணா. சந்தேகத்தோட போத்திக்க முடியாது."

அவள் சொன்னது சரி. பாவில், அதாவது நெடுக்கு நூலில், பட்டைக் கலந்துவிட்டு அசல் என்று விற்பதும் உண்டு என்று அந்தக் கடைக்காரரே சொல்லியிருந்தார். ஆனால் என்னைக் குத்தியது வேறு. அலுவலகக் கல்யாணங்களுக்கெல்லாம் நூல் புடவையிலேயே வந்தவளைக் கஞ்சம் என்று நான் கேலி செய்திருக்கிறேன். ஒரு நாளும் காரணம் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

10.45-க்கு அவலூர்பேட்டை சாலையில் சகாயமேரியின் தையல் கடைக்குப் போனோம். பட்டுப் புடவைகளுக்குக் குச்சம் கட்டுவதில் அவள் கை பேர்போனது. விஷயத்தைக் கேட்டவள், நெடுக்கில் ஒன்றும் குறுக்கில் ஒன்றுமாக நூல் உருவி, முறுக்கைப் பிரித்து இழுத்தாள். இரண்டுமே பஞ்சுபோலக் குட்டைக் குட்டை மயிராகப் பிரிந்து வந்தன.

"இது பட்டில்லக்கா. பட்டுன்னா நீட்டுக்கும் வரும், இப்டி அந்து போவாது."

ஜெயமாலா மூச்சுவிட்டாள். நானும்தான். சகாயமேரி மட்டும் சால்வையின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூ வேலையிலிருந்து ஓர் இழையைக் கிளப்பி இழுத்தாள். மினுக்கிக்கொண்டு, அறாமல், முழ நீளத்துக்கு வந்தது. கொளுத்தினாள். முடி வாசம்.

"பூவு பட்டு நூலுல போட்டிருக்காங்கக்கா."

நான் ஆசைப்பட்டு ஏழாயிரம் கூடக் கொடுத்த பூ.

"பூவப் பிரிச்சிட்டா துணி நிக்குமா?" என்று ஜெயமாலா கேட்டாள்.

"மெதுவாப் பிரிச்சா நிக்கும். ஓரத்துல மட்டுந்தானே இருக்குது. நீங்களும் உக்காந்தீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம்."

ஜெயமாலா என்னைப் பார்த்தாள். "நீங்க ஆசையா வாங்கினதுண்ணா. உங்களுக்கு மனசு கஷ்டமில்லன்னா..."

"பிரிச்சிடும்மா," என்றேன்.

முதல் பூவை அவிழ்த்தபோது மனசு ஒரு தரம் அடித்துக்கொண்டது, மறைப்பானேன். கண்ணாடி போட்டும் எனக்கு நூல் தெரியவில்லை. இரண்டு தடவை துணியையே குத்திவிட்டேன். "சார், நீங்க கோட்டையப் பாத்துட்டு வாங்க," என்று சகாயமேரி மரியாதையாக வெளியேற்றினாள்.

12.10-க்கு ராஜகிரி அடிவாரம், நுழைவுச்சீட்டு இருபத்தைந்து ரூபாய். படிகள் செங்குத்தானவை. நூறு ஏறுவதற்குள் நெஞ்சு இரைத்தது. முதுகில் ஒரு தண்ணீர் பாட்டில் கூடக் கனத்தது. பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். கீழே வயல்களும் மல்லாட்டைக் கொல்லைகளும் விரிந்து கிடந்தன. இருட்டில், குளிரில், வெறுங்காலோடு இதைப்போல் பல மடங்கு ஏறப் போகிறவளுக்குப் பூ எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. உச்சிக்குப் போகாமலே இறங்கினேன்.

5.05-க்குக் கடைசிப் பூ போயிற்று. சகாயமேரி ஆவியில் லேசாக இஸ்திரி காட்டினாள். கூலியை வாங்க மறுத்து, "மலைல எனக்கும் வேண்டிக்கக்கா," என்றாள். இருட்டியபின் சாப்பிடாத சமண வீடு என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு. ஐந்தே முக்காலுக்கெல்லாம் இலை போட்டுவிட்டார்கள். சென்னையில் நான் மாலைக் காபி குடிக்கிற நேரம். அதற்கு முன் ஜெயமாலா சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு நடை நடந்தாள். "வெயிட்டே தெரியல." அதுவரை வாய் திறக்காத தரணேந்திரன், "இந்தவாட்டி ஏறிடுவா சார்," என்றார்.

6.30 வண்டியில் மடி காலியாக இருந்தது. வீட்டில் என் மனைவிக்கு அதே கடையில் வாங்கிய சால்வை ஒன்று இருக்கிறது. அதில் இன்னும் அடர்த்தியான பூ. அவளுக்கு அது பிடித்திருக்கிறது, பீரோவைவிட்டு அது வெளியே வந்ததே இல்லை.

பதினோராம் நாள் காலை கைப்பேசியில் ஒரு படம் வந்தது. சுற்றிலும் மூடுபனி, ஒரு வெள்ளைக் கோபுரம், வெறுங்காலோடு ஜெயமாலா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூ இருந்த ஓரத்தில் அதன் தடம் லேசாகத் தெரிந்தது. கீழே ஒரே வரி எழுதியிருந்தாள்.

"இந்தவாட்டி பாதில திரும்பலண்ணா."