ஊடு என்று தட்டினால்

மினியாபொலிஸ் வந்த புதிதில், என் மேலாளர் கேரல் ஒருநாள் தாழ்ந்த குரலில் கேட்டார், "யார் அந்த இங்கா?" ஸ்வீடன், நார்வே வழிவந்தவர்கள் நிறைந்த இந்த நகரத்தில் இங்கா என்பது பெண்ணின் பெயர். தொலைபேசியில் நான் "யெஸ்ங்க", "ஓகேங்க" என்று சொன்னதையெல்லாம், யாரோ ஓர் இங்காவிடம் நான் பேசுவதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அது கோயமுத்தூர்ப் பக்கத்து மரியாதை என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு, மனைவிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஞாயிறுதோறும் தேவாலய நிலவறையில் நடந்த தமிழ் வகுப்புக்காக அதில் ஒரு சொல் தேடும் பக்கம் செய்தேன். ஆங்கில எழுத்துகளில் ஒரு சொல்லின் தொடக்கத்தைத் தட்டினால், அப்படித் தொடங்குகிற தமிழ்ச் சொற்கள் மட்டும் கீழே நிற்கும். அடுத்த எழுத்தைத் தட்டியதும் பொருந்தாதவை மறையும். சொற்களைத் தந்தவர் ஆசிரியை, நாகர்கோவில்காரர்.

முதல் நாளே என் மகள் கவிதா 'ஊடு' என்று தட்டினாள். ஒன்றும் வரவில்லை. வீடு என்பதே சரி என்று ஆசிரியை திருத்த, பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னாள், "இனிமே ஊடுன்னு சொல்லாதம்மா. அது வார்த்தையே இல்ல. அப்பா கம்ப்யூட்டர்லயே வரலை."

என் மனைவி சாந்தாமணி சோமனூரில் பிறந்தவள். பெண் பார்க்கப் போனபோது அந்த வீட்டின் விசைத்தறிச் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். அந்தக் கத்தலிலும் ஒருவர் வாயிலும் 'ங்க' தவறவில்லை. அப்படி வளர்ந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, நான் பேசறது வார்த்தையே இல்லீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "இருக்குது அம்மணி. நாந்தான் போடாம உட்டுப்போட்டேன்" என்றேன்.

அவள் சொல்லச் சொல்லச் சேர்த்தேன். 'வாரேன்' என்று தட்டினால் 'வாரேனுங்க'வும் கூடவே வந்து நின்றது. எங்கள் மரியாதை சொல்லின் வாலில் இருப்பதால் தலை மாறுவதில்லை. நிரலில் ஒரு வரிகூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. அதைப் பார்த்தபோது வந்த பெருமிதம் எந்தச் சம்பள உயர்விலும் எனக்கு வந்ததில்லை.

அடுத்த வாரம் ஆசிரியை தயங்கினார். பேச்சு வழக்கெல்லாம் வேண்டுமா என்றார். கோவை வழக்கு என்று குறிப்பிட்டு வைக்கிறேன், எடுக்க மாட்டேன் என்றேன். சற்று யோசித்தவர், தன் ஊர்ச் சொற்களையும் சேர்க்க முடியுமா என்று கேட்டார். அன்று பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டுச் சொல்லோடு கணினியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

கவிதா தன் முறைக்குக் காத்திருந்து, ஆங்கில 'O' எழுத்தை இரண்டு முறை தட்டினாள். ஊர், ஊடு இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. 'D' சேர்த்தாள். ஊர் மறைந்து ஊடு மட்டும் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த 'D'யை அழித்தாள். இரண்டும் மறுபடி வந்து நின்றன. அதற்கு மேல் அவள் எதையும் தட்டவில்லை.