குடியைக் குறைக்கச் சொன்ன ரெலிபோன்

1. செவ்வாய்க்கிழமை, பத்து மணி

ரெலிபோனில் மலரின் பற்கள் அடிபடும் சத்தம் எனக்குக் கேட்டது.

"மிஸி, ஞாயிறு பின்னேரத்திலை இருந்து ஒரு சொட்டும் தொடேல்லை. டொக்டர் சொன்னபடி செய்திட்டன். இனிக் கடிதம் தருவார்தானே?"

"கை நடுங்குதோ? சத்தி எடுத்தனீங்களோ?"

"ஓம். சுவரெல்லாம் பூச்சி ஊருது மிஸி. கடைக்கார நானா ஒண்டுமில்லை எண்டுறார்."

அடுத்த நிமிடம் ரிசீவர் எதிலோ மோதிய சத்தம் கேட்டது. செட்டிகுளத்தில் அந்த ரெலிபோன் கடையை நடத்திய, எல்லோரும் நானா என்று அழைத்த முஸ்லிம் பெரியவர்தான் அதை எடுத்துக் கத்தினார். "மிஸி, பிள்ளை விழுந்திட்டுது! கைகால் இழுக்குது!"

ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், வாயில் எதையும் திணிக்காமல் இருக்கவும், வான் பிடித்து உடனே வவுனியாவுக்குக் கொண்டுவரவும் சொன்னேன். குடியை ஒரேயடியாக நிறுத்தியதால் வந்த வலிப்பு என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னேன். மலருக்கு இருந்த மற்ற நோயைப் பற்றி நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

2. கோழியும் முட்டையும்

போர் ஓய்ந்து, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-ஒன்பது பாதை திறந்திருந்த சமாதான காலம் அது. வவுனியாவில் ஒரு கிளினிக்கில் நான் தாதியாக, நோயாளிகளுக்கு மிஸியாக, இருந்தேன். எச்.ஐ.வி. உள்ளவர்களுடன் கதைத்து ஆலோசனை சொல்வதும் என் வேலைதான்.

மலர் என்பது நான் இங்கே வைத்த பெயர். லொறி ஓட்டிய கணவர் இறந்த பிறகுதான் தனக்கும் அந்த நோய் இருப்பது அவருக்குத் தெரியவந்தது. கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துச் சீவித்தார். நித்திரை வருவதற்கென்று கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தைத் தொட்டவர், நான் சந்தித்தபோது நாளைக்குப் பத்துக் கிளாஸ் குடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கிளினிக் வாசலில் யார் ஏறுகிறார்கள் என்று பார்ப்பதற்கென்றே எதிரே ஆட்கள் நிற்பார்கள். இரண்டு முறை வந்த மலர் மூன்றாம் முறை வரவில்லை. அதனால் செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு அந்தக் கடைக்கு நான் ரெலிபோன் கோல் எடுப்பதென்று ஒழுங்கு செய்தோம். இடியப்பம் கொடுத்து முடித்து அவர் அங்கே வருவார். நானா தன் கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். ஆனாலும் கடையில் ஆட்கள் நிற்பார்கள். ஆகவே கிளாஸ் கணக்கை முட்டைக் கணக்காக மாற்றியது மலர்தான்.

"கோழி நேற்று எத்தினை முட்டை?"

"எட்டு மிஸி. பத்திலை இருந்து எட்டு!"

பத்து எட்டானது, எட்டு ஏழானது. முதல் கிளாஸைப் பின்னேரத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும், சாப்பிடாமல் தொடக்கூடாது, மனம் அலையும்போது பக்கத்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஒவ்வொரு கோலிலும் இதுமாதிரி ஏதாவது ஒன்றைப் பேசி முடிவெடுப்போம்.

அந்த நேரத்தில்தான் அவரது இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எச்.ஐ.வி.க்கான குளிசை உடனே தொடங்க வேண்டிய நிலை. எங்கள் டொக்டர் கடிதம் கொடுத்தால்தான் கொழும்பில் தொடங்குவார்கள். அவர் மறுத்தார்.

"குடிக்கிற ஆளுக்கு அந்தக் குளிசை வீண். முற்றா நிப்பாட்டட்டும், பிறகு பாப்பம். அப்பிடியே சொல்லும்."

"இவ்வளவு குடிச்ச ஆள் ஒரேயடியா நிப்பாட்டினா ஆபத்து, டொக்டர்."

"நீர் டொக்டரோ?"

அடுத்த கோலில் அவர் சொன்னதை அப்படியே மலரிடம் சொன்னேன். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்ற எச்சரிக்கையைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். மலரின் காதில் விழுந்தது கடிதம் ஒன்றுதான். அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு.

3. டொக்டரின் அறை

வலிப்பு நின்று மலர் வார்ட்டில் படுத்திருந்த அன்று மத்தியானம் நான் அவரது பைலை எடுத்துக்கொண்டு டொக்டரின் அறைக்குப் போனேன்.

"பாத்தீரோ? போனிலை குடிகாரரைத் திருத்த ஏலாது. அந்தக் கோலுகளை நிப்பாட்டும்" என்றார் அவர்.

"கோலிலை பத்து ஏழாச்சுது. உங்கடை சொல்லாலைதான் வலிப்பு வந்தது. சொன்ன வாய் என்ரை. கோலை நான் நிப்பாட்ட மாட்டன்."

"மேலிடத்துக்கு அறிவிப்பன்."

"அறிவியுங்கோ. அதுக்கு முதல் இதிலை ஒரு வரி வேணும். குடிக்கிறா எண்டதாலை குளிசைக்குக் கடிதம் இல்லை எண்டு போட்டு, கையெழுத்து வையுங்கோ."

பைலைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டேயிருந்தேன். கையெழுத்து வைத்தால் மறுத்த பொறுப்புத் தன் பேரில் விழும் என்று அவருக்குத் தெரியும். பேனையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மலருக்குக் கடிதம் வந்தது.

என்னை வேறு பிரிவுக்கு மாற்றும் கதை கொஞ்சக் காலம் அடிபட்டது. செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு நான் கோல் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். வார்ட்டிலிருந்து வந்த பிறகு கொஞ்சமாகக் குடித்துவந்த மலர், கோயில் திருவிழா வாரத்தில் மறுபடி ஏழு கிளாஸுக்குப் போனார். சொல்லப் பயந்து அழுதார்.

"குளிசை போட்டனீங்களோ?"

"ஒரு நேரமும் விடேல்லை."

"அப்ப ஏழிலை இருந்து திரும்ப இறங்குவம்."

அவர் முற்றாக நிறுத்தியதாக எனக்குத் தெரியாது. ஆனால் நாளுக்கு ஒரு கிளாஸ் வரை இறங்கினார், உடம்பும் தேறியது. இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: உண்மைக் கணக்கைச் சொல்கிற நோயாளியைத் தண்டித்தால் அடுத்த முறை உங்களுக்குப் பொய்தான் கிடைக்கும். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு எவருக்கும் மருந்து கொடுக்க முடியாது.

ஒரு கிளாஸுக்கு இறங்கியிருந்த அந்த நாட்களில், அடுத்த பரிசோதனைக்கு மலர் பட்டப்பகலில், எதிரே நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே எங்கள் வாசலில் ஏறி வந்தார். டொக்டர் கேட்டார்: "இன்னும் குடிக்கிறீரோ?"

"ஓம் டொக்டர், ஒரு கிளாஸ். பொய் சொல்லுறதெண்டா நான் ஏன் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வாறன்?"