தோற்ற பக்கத்து மூன்று நீதிபதிகள்

லொரெட்டா ப்ரூயிட் சட்டம் படித்தவள் அல்ல. ஒஹையோ ஆற்றங்கரை ஹார்ட்வெல் ஊரின் நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் மனுக்களில் முத்திரை குத்தியவள். ஓய்வு பெற்ற கையோடு ஊர் வாரப் பத்திரிகையில் தீர்ப்புகளை விளக்கி எழுத ஆரம்பித்தாள். வக்கீல்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு வியாழக்கிழமை தோறும் திருட்டுத்தனமாக வாசித்தார்கள். அரசியல் சட்டத்தின் ஒரு வரியை முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் புரியும்படி சொல்ல அவளுக்கு வரும். வக்கீல்களுக்கு அது வராது. வந்தால் பிழைப்பு ஓடாது.

எந்தத் தீர்ப்பு வந்தாலும் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் படிப்பாள். எண்ணிக்கையில் குறைந்து தோற்ற பக்கத்து நீதிபதிகள் தங்கள் மறுப்பை எழுதிவைக்கும் இடம் அது. அது சட்டமாகாது என்று தெரிந்தேதான் எழுதுவார்கள். ஜெயித்தவர்கள் எழுதுவது உப்புச் சப்பில்லாமல் இருக்கும், தோற்றவர்களுக்குத்தான் எழுத்து வரும் என்பது அவள் கட்சி. பிடித்த வரிகளுக்கு மஞ்சள் கோடு போட்டுவைப்பாள்.

அந்தப் பழக்கமே ஒரு மார்ச் மாதம் அவள் காலை வாரியது. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குச் சாகும்வரை சிறை என்பது கொடுமை, இனி அப்படித் தண்டிக்கக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஏற்கெனவே உள்ளே கிடப்பவர்களுக்கும் இது பொருந்துமா என்பதுதான் மிச்சக் கேள்வி. தீர்ப்பின் தொண்ணூறு பக்கமும் மேசையில் கலைந்து கிடக்க, பத்திரிகை அச்சுக்குப் போகும் அவசரத்தில், மஞ்சள் கோடிட்ட வரியைப் பார்த்துப் பொருந்தும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அது தோற்றவர்களின் வரி. ஜெயித்தவர்கள் பொருந்தாது என்று சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு வக்கீல் போன் செய்து பிழையைச் சொன்னார். அடுத்த வாரம் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் போட்டுவிடலாம் என்றார் ஆசிரியர். முந்தின நாள்தான் ஒடெஸ்ஸா டீல் லொரெட்டாவைப் போனில் கூப்பிட்டு அழுதுகொண்டே நன்றி சொல்லியிருந்தாள். ஒடெஸ்ஸாவின் மகன் வெண்டெல் பதினேழு வயதில், கூட்டாளிகள் ஒரு கடையைக் கொள்ளையடித்தபோது வெளியே காரில் காத்திருந்தவன். உள்ளே கடைக்காரர் செத்துப்போனார்; காரில் இருந்தவனுக்கும் சாகும்வரை சிறை விழுந்தது. இப்போது வெண்டெலுக்கு நாற்பத்து நாலு வயது. அவன் தாய் இதைப் பத்திரிகையின் ஒரு மூலையில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று லொரெட்டா காரை எடுத்தாள்.

அங்கே, மகன் வரப்போகிறான் என்று அவன் அறையைக் காலி செய்து, தையல் மெஷினைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தாள் ஒடெஸ்ஸா. பின்கட்டுக் கொடியில் கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. காபி எடுக்கப் போனவளை லொரெட்டா தடுத்தாள்.

"மிஸ் ஒடெஸ்ஸா, நான் தப்பா எழுதிட்டேன். தோத்துப்போன ஜட்ஜுங்க சொன்னதைத் தீர்ப்புன்னு போட்டுட்டேன். வெண்டெலுக்கு அது பொருந்தாது."

ஒடெஸ்ஸா கையில் இருந்த துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். லொரெட்டாவால் அதைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்து அழுதாள்.

"அந்தத் தோத்தவங்க எத்தனை பேரு?" என்று கேட்டாள் ஒடெஸ்ஸா.

ஏழில் மூன்று பேர் என்றாள் லொரெட்டா. அவர்கள் என் பையனை வெளியே விடவா சொல்கிறார்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. இல்லை, அவனைப் போன்றவர்களின் தண்டனையைத் திரும்ப ஒருமுறை யோசிக்க வேண்டும் என்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னாள் லொரெட்டா. இனி ஒரு வார்த்தையைக்கூடக் கூட்டிச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

ஒடெஸ்ஸா ஒரு தாளும் பென்சிலும் கொண்டுவந்து வைத்தாள்.

"இருபத்தேழு வருஷமா இதை நான் ஒருத்திதான் சொல்லிக்கிட்டிருக்கேன், மிஸ் லொரெட்டா. சர்ச்சுலகூட ஒருத்தரும் ஆமான்னு சொன்னதில்லை. அவங்க மூணு பேரு பேரையும் எழுதிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை அவனைப் பார்க்கப் போறேன்."

லொரெட்டா மூன்று பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். ஒடெஸ்ஸா பென்சிலை வாங்கி, நான்காவதாகத் தன் பெயரை எழுதினாள்.