பேனா மேலே போன நாள்

என் வாழ்க்கையில் நான் செய்த ஈனத்தனங்களில் இதற்குத்தான் மிகக் குறைந்த உழைப்பு தேவைப்பட்டது. சுட்டுவிரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் நானும் அவளும் ஒரே கைடிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தோம். கப்பல் குழாய்களுக்குப் போடும் செம்பு-நிக்கல் உலோகக் கலவைதான் எங்கள் பிழைப்பு. அதை உப்புக் கரைசலில் தொங்கவிட்டால் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் கட்டும். கறுப்புத் துணிக்குள் வைத்து அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினால் துளி மின்சாரம் ஓடும். அதைத் தாளில் கோடாக வரையும் ரெக்கார்டரில் பேனா கீழே இறங்கினால் படலம் நன்றாக இருக்கிறது, உலோகத்தைக் காக்கும். மேலே ஏறினால் படலம் கெட்டுவிட்டது, அரிப்பு வரப்போகிறது. மூன்று வருடமாக என் பேனா இறங்க மட்டுமே செய்தது. ‘இந்தப் படலம் கெடாது’ என்று முடிவெழுதி, தீசிஸை டைப் அடிக்கவும் கொடுத்துவிட்டேன்.

அவள் உடுமலைப்பேட்டைப் பக்கம், தென்னந்தோப்புக்காரர் மகள். ஐப்பசிக்குள் ஒரு பேப்பராவது அனுப்பினால் படிக்கலாம், இல்லையென்றால் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். குடும்பத்தோடு இராமேசுவரம் போனபோது மற்றவர்கள் தீர்த்தம் பிடித்துவர, இவள் ஒரு கேன் நிறையக் கடல்தண்ணீர் பிடித்துவந்தாள். எனக்கு அந்தப் புத்தி இல்லை. தராசில் நிறுத்துப் போட்ட உப்பே போதும் என்றிருந்தவன் நான். கடல்தண்ணீரில் ஊறிய கலவையில் ஒளி பட்டதும் பேனா விறுவிறுவென்று மேலே போனது. நான்கு முறை செய்தாள். நான்கு முறையும் மேலேதான்.

அவள் சரியென்றால் என் தீசிஸ் குப்பை.

கைடு வந்து தாளைப் பார்த்தார். எங்கள் ஊர் மரியாதை இருக்கிறதே, ‘ங்க’ போட்டே ஆளைக் கொன்றுவிடலாம்.

“ஏனுங்க அம்மணி, எதையோ மாத்தி வெச்சுப்போட்டீங்களாட்டம் இருக்குது. அடுப்படின்னா இந்தத் தொந்தரவெல்லாம் இல்ல பாருங்க.”

“இல்லைங்க சார், ஒயரெல்லாம் நாலு தடவ பாத்துட்டனுங்க” என்றாள் அவள்.

“நீங்க பாருங்க தம்பி” என்றார் என்னிடம்.

ரெக்கார்டருக்குப் பின்னால் பிளஸ்ஸை மைனஸாக மாற்றும் குட்டி சுவிட்ச் ஒன்று உண்டு. அதை யாரும் தொடுவதே இல்லை, அவளும் தொடவில்லை. குனிந்து பார்த்தேன். சரியான பக்கம்தான் இருந்தது. மறுபக்கம் தட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

“பின்னால சுவிட்சு மாறியிருந்துச்சுங்க சார். சரி பண்ணிப்போட்டேன்.”

விளக்கைப் போட்டார்கள். பேனா இறங்கியது. கைடு சிரித்தார், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். சுவிட்சை ஏன் பார்க்காமல் விட்டோம் என்று அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டது என் காதில் விழுந்தது. எல்லோரும் சாப்பிடப் போனதும் சுவிட்சைப் பழையபடி தள்ளிவைத்தேன்.

ஐப்பசி முடிந்தது. அவளுடைய அப்பா வந்து ஹாஸ்டலிலிருந்து பெட்டி படுக்கையைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அன்றோடு அவள் தொடாமல் விட்ட கடல்தண்ணீர்க் கேன் ஆய்வகத்திலேயே கிடந்தது. அதை எடுத்து நானே செய்து பார்த்தேன். பேனா மேலே போனது. தீசிஸின் கடைசி அத்தியாயத்தை மாற்றினேன். அதையே பேப்பராகவும் எழுதினேன்; அதில் என் பேரும் கைடு பேரும் இருந்தன. அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “பிரமாதமுங்க தம்பி” என்று மட்டும் சொன்னார்.

பேப்பர் தபாலில் போன மறுவாரம், ஆர்.எஸ்.புரத்தில் முகூர்த்தப் பட்டு எடுத்துவிட்டு, அப்படியே ஆய்வகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாள். அவளுடைய அம்மா வாசலில் நின்றார். அவள் என் மேசைக்கு அருகில் வந்து குரலைத் தணித்தாள்.

“அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க. அன்னைக்கு அந்த சுவிட்சு நெசமாலுமே மாறித்தான் இருந்துச்சுங்களா?”

இப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

“மாறித்தான் இருந்துச்சு அம்மணி.”

அவள் நீளமாக மூச்சு விட்டாள்.

“அப்பச் சரிங்கண்ணா. தப்பு எம்மேலதான்னா நிம்மதியாப் போயிருவனுங்க. நாஞ் செஞ்சது சரியா இருந்தும் உட்டுப்போட்டுப் போறேன்னா தாங்கியிருக்க மாட்டேன்.”

பேனாவை எடுத்து, பத்திரிகையில் என் பேரை எழுதினாள். பட்டம் வர எனக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. இருந்தும் பேருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக் கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.