அந்துருண்டை வாசனையும் ஒரு ஹோம்ஸ்டேவும்

அந்துருண்டை வாசனை வந்தால் எங்கள் வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

பீரோவின் மேல் தட்டில் இருக்கும் வெள்ளை பெட்ஷீட்டையும் உறை போட்ட நல்ல தலையணையையும் அம்மா அன்றைக்குத்தான் வெளியே எடுப்பார். மாடி ரூம் வந்தவர்களுக்கு. எனக்கும் தங்கை ஜரீனாவுக்கும் கூடத்தில் பாய். பின்னால் இருந்த ரைஸ் மில்லிலிருந்து நெல் அவிக்கிற வாசனை வரும்... மிச்சமிருக்கும் ஒரு தலையணைக்கு நாங்கள் இருவரும் அடித்துக்கொள்வோம்.

ஒருமுறை பினாங்கிலிருந்து வந்த மாமா, எங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று திருவாரூரில் லாட்ஜ் எடுத்துவிட்டார். எங்கள் அப்பாவை அத்தா என்போம். விஷயம் கேள்விப்பட்ட அத்தா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். சைக்கிளை மிதித்துப் போய், மாமாவின் சூட்கேஸை கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்! மாமா பின்னாலேயே பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

"வீடு இருக்கையில லாட்ஜா மாப்ள? நான் என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவேன்?"

அத்தாவின் அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஜரீனா கல்யாணத்தின்போது அந்த வீட்டை அத்தா அவள் பேருக்கு எழுதினார். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. ஆனால் பிறந்த வீட்டுக்கு நானே விருந்தாளி ஆகிவிட்டேனே என்று கொஞ்சம் உறுத்தும். அவள் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து முதுகு வலியோடு திரும்பி வந்துவிட்டார். நாலு பேர் போய் இறங்கினால் அவளுக்குத்தானே கஷ்டம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால்... பிள்ளைகளுக்கு ஏசி வேண்டும். எனக்கும் பழகிவிட்டது.

இந்த லீவுக்கு டெல்டா பக்கம் போகலாம் என்று முடிவானது. எங்கே தங்குவது என்று சென்னை வீட்டில் மூன்று நாள் பஞ்சாயத்து. பையனுக்கு நீச்சல் குளம் இருக்கிற தஞ்சாவூர் ஸ்டார் ஹோட்டல்தான் வேண்டும். மனைவி காவிரிக் கரையில் ஒரு ஹெரிடேஜ் பங்களாவைக் காட்டினாள். தேக்குத் தூண், முற்றம், பித்தளைச் சொம்பில் தண்ணீர்... "நாம பொறந்து வளர்ந்ததே இப்படி ஒரு வீட்லதான், இதுக்குப் போய் இவ்வளவு ரேட்டா?" என்று நான் கத்தினேன். கடைசியில் மகள் ஆயிஷா ஒரு ஹோம்ஸ்டே கண்டுபிடித்தாள். 'கூத்தாநல்லூர் அருகே. ஏசி ரூம். வீட்டுச் சாப்பாடு.' படத்தில் கட்டில் மேல் டவலை அன்னம் மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். முதல் புக்கிங்குக்குத் தள்ளுபடி உண்டு என்று ஃப்ரெண்டின் அக்கவுன்ட்டில், அந்தப் பேரிலேயே போட்டாள். எங்கள் ஊர் கூத்தாநல்லூரிலிருந்து தள்ளி, யார் கண்ணிலும் படமாட்டோம் என்று நானும் தலையாட்டினேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஜரீனாவிடமிருந்து போன்.

"எப்பண்ணே வர்றீங்க?"

"லீவே கெடைக்கலம்மா. பெருநாளைக்குப் பாப்போம்."

வாய் கூசாமல் சொன்னேன்.

கூத்தாநல்லூர் தாண்டியதும் கார் எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பியது. டிரைவரின் தோளைத் தட்டினேன்.

"இந்த ரோடு எதுக்குத் தம்பி?"

"மேப் இதத்தான் சார் காட்டுது."

ரைஸ் மில் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அதை ஒட்டி ஒரு புதுத் தெரு. அதற்குள் நுழைந்து ஒரு கேட் முன்னால் கார் நின்றது. வந்து சேர்ந்துவிட்டோம் என்றது போன். நிமிர்ந்து பார்த்தேன். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வைத்த மாடி ஜன்னல்... அதே அடிபம்பு. எங்கள் வீட்டுப் பின்வாசல்!

தூக்கிவாரிப் போட்டது. "ரிவர்ஸ் எடுங்க தம்பி, ரிவர்ஸ் எடுங்க" என்று நான் பதறுவதற்குள் கேட் திறந்தது.

முக்காடும் சிரிப்புமாக, தட்டில் நாலு கிளாஸ் இளநீரோடு ஜரீனா நின்றாள். என்னைப் பார்த்ததும் தட்டு சாய்ந்து ஒரு கிளாஸ் விழுந்து உடைந்தது.

"அண்ணே..? லீவு கெடைக்கலன்னீங்க?"

"நீ... ரூம வாடகைக்கு விடுறதா சொல்லவே இல்லியேம்மா?"

"எப்படிண்ணே சொல்றது? அத்தா எழுதிக் குடுத்த வீட்டுல காசு வாங்கிட்டு ஆளத் தங்க வைக்கிறேன்னு ஒங்ககிட்ட எந்த வாயால சொல்வேன்?"

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. விருட்டென்று உள்ளே போய்விட்டாள். வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊரில் பகையாளி வந்தால்கூட வாங்க என்பார்கள். தங்கச்சி உறவு இன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

ஐந்து நிமிடம் போயிருக்கும். ஆயிஷாவின் போனில் ஃப்ரெண்டின் மெசேஜ் வந்து விழுந்தது. படித்தவள் முகம் சுருங்கிவிட்டது.

"அத்தா... அவங்க புக்கிங்க கேன்சல் பண்ணிட்டாங்க."

"ஏறுங்க எல்லாரும், போலாம்" என்றேன். அதற்குள் ஜரீனா வெளியே வந்தாள். கார் டிக்கியைத் திறந்து என் சூட்கேஸை எடுத்தாள். நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன்.

"விடும்மா, நாங்க தஞ்சாவூருக்கே போய் ரூம் எடுத்துக்குறோம்..."

"எங்க போறீங்க? மாடி ரூம் வெளியாளுக்கு. அதான் புக்கிங்கெல்லாம் பாத்துக்குற எம் மவளுக்குப் போன் போட்டு கேன்சல் பண்ணச் சொன்னேன். ஒங்களுக்குக் கூடத்துல பாய் போட்டாச்சு. வாங்க."

அத்தா தூக்கிய மாதிரியே சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் போட்டோ பார்த்து, ஸ்டார் பார்த்து, ரிவ்யூ படித்துத்தான் தங்குகிறோம். அப்போது இதையெல்லாம் யார் பார்த்தார்கள்... அன்று மத்தியானம் ஜரீனா போட்ட பாயில், கூடத்து ஃபேனுக்கு அடியில் படுத்தேன். நெல் அவிக்கிற வாசனை இல்லை. தலையணையை முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசனைதான் வந்தது.

"ஏம்மா, அந்த நல்ல தலையணையக் குடேன்."

"அது விருந்தாளிக்குண்ணே" என்றாள்.