மீசை இல்லாமல் போன பகல்

குழாயடியில் பக்கெட் விளிம்பில் ரேசரைத் தட்டும் ‘டக் டக்’ சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்குப் பொம்மசந்திரா கம்பெனிக்குப் போய் வெகுநேரமாகிவிட்டதே, பிறகு யார் என்று அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அப்போது ஆஸ்டின் டவுனில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். காலேஜில் பியூசி படித்துக்கொண்டிருந்த என் மகன் சேகர், கன்னமெல்லாம் நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றான். பிள்ளை ரேசர் பிடிக்கிறானே என்று நான் பூரித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தைக் கழுவித் திரும்பினான். மேல் உதட்டில் ஒன்றுமே இல்லை.

“ஒரு பக்கம் தூக்கலா போச்சும்மா. அத்த சரி பண்ணப் போனா இந்தப் பக்கம் கொறஞ்சிடுச்சி. அப்பறம் எல்லாமே போச்சு.”

அரும்பு மீசைதான். ஆனாலும் எங்கள் வீடுகளில் அப்பன் உயிரோடு இருக்கும்வரை பிள்ளை மீசையை எடுக்கமாட்டான். அப்பனுக்குக் கொள்ளி வைக்கிற அன்றுதான் எடுப்பது.

இவருக்குக் கம்பெனியில் வேலை, இரும்பையே நசுக்குகிற பெரிய பிரஸ் மெஷினில். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் போட்டேன். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. கேட் நம்பருக்குப் போட்டால் காவலாளி “யாரு பேக்கு?”, யார் வேண்டும் என்று கன்னடத்தில் அதட்டினார். பிள்ளை மீசையை எடுத்துவிட்டான், என் வீட்டுக்காரர் நல்லபடியாக இருக்கிறாரா என்று முகம் தெரியாத ஆளிடம் எப்படிக் கேட்பது? கூச்சத்தில் வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “எங்கூட்டுப் பசங்க வாரா வாரம் மழமழன்னு வழிச்சிக்கினுதான் சர்ச்சுக்கு வர்றானுங்க. அவங்கப்பன் குத்துக்கல்லாட்டம் உக்காந்து பிரியாணி துன்றான். நீ ஏன்டி சாவற?”

அவர்கள் சாமி வேறு, எங்கள் எமன் வேறு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, சேகரை உட்காரவைத்து, கண்மையால் அவனுக்கு மீசை எழுதினேன். “பசங்க பாத்தா மானம் போயிடும்மா” என்று அழாக்குறையாகச் சொன்னான். “அப்பா வர்ற வரைக்கும் வாயத் தொடைக்காத” என்றேன்.

கம்பெனி பஸ் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்ட ஒவ்வொரு தரமும் வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். கடைசியில் டிபன் பையை ஆட்டிக்கொண்டு வந்தார். பஸ் வழியில் பஞ்சராம். வேர்வையில் வழிந்திருந்த பிள்ளையின் மை மீசையைப் பார்த்து “என்னடா வேஷம்?” என்றார். அவனே நடந்ததைச் சொன்னான். இவர் திட்டவில்லை. கண்ணாடி முன்னால் போய், அதே ரேசரால் தன் புதர் மீசையையும் எடுத்துவிட்டு வந்தார்.

“இப்ப ரெண்டு பேருக்கும் இல்ல. எமன் வந்தா அப்பன் யாரு, புள்ள யாருன்னு தெரியாம முழிக்கட்டும்.”

அப்பனும் பிள்ளையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கோ, எமன் ஆள் தெரியாமல் பிள்ளையை மாற்றிக் கூட்டிப்போய்விட்டால் என்கிற புதுப் பயம் பிடித்துக்கொண்டது. இருவருக்கும் மீசை வளர்கிறவரை நான் சரியாகச் சாப்பிடவில்லை.

எமன் ஏமாறவில்லை. பல வருஷம் கழித்து, நோயில் படுத்திருந்த இவரைத்தான் வரிசை தவறாமல் கூட்டிப்போனான். சேகர் இப்போது தினமும் மழமழவென்று வழித்துக்கொண்டு ஆபீஸ் போகிறான். எடுக்காதேடா என்று சொல்ல வீட்டில் காரணம் ஒன்றும் இல்லை.