ஆத்மா பாட்டு

நான் நான்காவது படித்த வருஷம் பொங்கலுக்கு வந்த சித்தி திரும்பிப் போகவில்லை. வழக்கமாக மூன்றாம் நாள் கிளம்பிவிடுவாள். அந்த முறை மூன்று மாதம் ஆகியும் இருந்தாள். கீழ்பென்னாத்தூரில் சித்தப்பா தனியாக என்ன சாப்பிடுவார் என்று நான் கேட்டபோதெல்லாம் அம்மா, "வாயை மூடிக்கினு படி" என்றாள்.

எங்கள் வீடு செங்கம் சாலையை ஒட்டி, ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. மாடி அறையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வருஷாவருஷம் கார்த்திகை தீபத்துக்கு வந்து தங்கி, வெயில் ஏறியதும் ஊருக்குப் போய்விடுவார். அவருடைய ரெக்கார்டு பிளேயரும் இசைத்தட்டுகளும் அங்கேயே கிடக்கும். அந்த முறை, அறையைப் பெருக்கிக் கொடுத்த சித்தியிடம் சாவியைத் தந்து, வேண்டியதைப் போட்டுக் கேள் என்று சைகையில் சொல்லிவிட்டுப் போனார். என்ன பாட்டு என்று அப்பா விசாரித்ததற்கு 'சோல்' என்றாராம். அப்பா என் பள்ளி அகராதியைப் புரட்டினார். ஆத்மா என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் டீக்கடையில்கூட ஆத்மாவைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆகவே இது அவர்கள் ஊர் பஜனைப் பாட்டு என்று வீட்டில் முடிவாயிற்று. சித்தி கேட்பதற்குத் தடையில்லை.

அன்றிலிருந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு சித்தி மாடிக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் பின்னாலேயே போனேன். அறையில் விளக்கு போடவில்லை. சித்தி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் காலை நீட்டி நான் பார்த்ததேயில்லை. தட்டில் முள் பட்டதும் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் மெல்லிய சத்தம். பிறகு ஒருவர் பாடினார். பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல, தணிந்த குரலில், அவசரமேயில்லாமல் பாடினார். எப்போது உச்சஸ்தாயிக்குப் போவார் என்று காத்திருந்தேன். போகவேயில்லை. சாமியை யாராவது இத்தனை தடவை 'பேபி, பேபி' என்று கூப்பிடுவார்களா என்றும் சந்தேகமாக இருந்தது.

"உனக்குப் புரியுதா சித்தி?"

"ஒரு வார்த்தை புரியல."

"அப்புறம் ஏன் கேக்கற?"

சித்தி யோசித்தாள். "தெரியல. நாளைக்கும் கேட்டுப் பாக்கலாம்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தப்பா வந்தார். எனக்கு ஒரு பை நிறைய வறுத்த மல்லாட்டை. நான் கடலையை உரித்துத் தின்றபடி பெரியவர்கள் பேச்சைக் கேட்டேன். அப்பாவும் சித்தியைப் போகச் சொல்லித்தான் பேசினார். சித்தப்பாவின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "இங்க அப்படி என்னதான் இருக்குது உனக்கு?" என்று கத்தினார்.

யாரும் பதில் சொல்லாததால், விடை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற பெருமையில் சொன்னேன்: "மாடியில ஒருத்தர் இருக்காரு. தெனம் ராத்திரி அவரு பாடறதைக் கேக்கத்தான் சித்தி போவுது."

சித்தப்பா இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினார். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம். அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். அவருக்கு உதவலாமே என்று நான் அந்த இசைத்தட்டின் அட்டையை எடுத்து நீட்டினேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு கறுப்பு மனிதர் அதில் மேஜை விளக்கருகே உட்கார்ந்திருந்தார். "இவருதான்" என்றேன்.

சித்தி தட்டைச் சுழலவிட்டு முள்ளை இறக்கினாள். அந்த வெயிலில், மூச்சிரைக்க நின்றபடி நாங்கள் ஒரு முழுப் பாட்டைக் கேட்டோம். அப்பா மட்டும் பாதியில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

"இதுக்கா புருஷனை வுட்டுட்டு வந்தே?" என்றார் சித்தப்பா.

"வந்தப்புறம்தான் இதைக் கேட்டேன்" என்றாள் சித்தி. "ஒரு ஆம்பளை இவ்ளோ நேரம் கத்தாம இருக்கறதை இப்பதான் கேக்கறேன்."

சித்தப்பா கையை ஓங்கினார். அப்பா எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. "நீ கெளம்புப்பா" என்றார். பஜனைக்கு நடுவில் சத்தம் போட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவு எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மாவையும் சித்தியையும் காணோமே என்று மாடிக்குப் போனால், சித்தியின் பக்கத்தில் அம்மாவும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்ததும் அம்மா, "மறுபடியும் மொதல்லேர்ந்து போடு" என்றாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. என்னால்தானே எல்லாம் என்று எனக்கும் அழுகை வந்தது.

"நான் வேணா பஸ் ஏறிப் போயி சித்தப்பாவைக் கூட்டிக்கினு வரட்டாம்மா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பாட்டே கேட்காத அளவுக்குச் சிரித்தார்கள். நல்லதுக்குச் சொன்னாலும் சிரிக்கிறார்களே என்று கோபித்துக்கொண்டு, கீழே வந்து தனியாகப் படுத்துக்கொண்டேன்.